ஓ.டி.சி. நொதியும் யூரியா சுழற்சியும்: லேப் வாசலில் கேட்ட கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். ரத்தத்தில் அம்மோனியா பார்க்கச் சொல்லி வரும் சீட்டுகள் பெரும்பாலும் ஈரல் கெட்டுப்போன பெரியவர்களுக்கு வருபவை. பிறந்து மூன்று நாளான பிள்ளைக்கு அப்படி ஒரு சீட்டு வருவது அபூர்வம். அது வந்தால் கூடவே அப்பா, தாய்மாமன், பாட்டா என்று நாலைந்து பேர் வாசலில் வந்து நிற்பார்கள். ஈரலில் ஓ.டி.சி. என்ற நொதி (வேதி மாற்றத்தை நடத்தும் புரதம்) பிறவியிலேயே குறைந்து, ரத்தத்தில் அம்மோனியா ஏறும் நோயைப் பற்றி அவர்கள் என்னிடம் கேட்டவையும், லேப் பயிற்சிக்கு வரும் பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. அதனால் மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை.

யூரியா சுழற்சி என்கிறார்களே, வாழைக்கு வைக்கிற யூரியாவா அது?

அதே பொருள்தான். மூட்டையில் வருவது தொழிற்சாலையில் செய்தது, நமக்குள் இருப்பது ஈரல் செய்தது. மூலக்கூறில் எந்த வித்தியாசமும் கிடையாது.

மீன், முட்டை, பயறு, பால் என்று நாம் சாப்பிடும் புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எடை நைட்ரஜன். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எரிக்கும்போது அந்த நைட்ரஜன் அம்மோனியாவாகக் கழன்று வருகிறது. சர்க்கரையையும் கொழுப்பையும் போல இதைச் சேர்த்துவைக்க உடம்பில் இடமில்லை. உடனுக்குடன் வெளியேற்றியாக வேண்டும். அதற்காக ஈரல் இரண்டு நைட்ரஜனை ஒரு கார்பனோடு கட்டி யூரியாவாக்குகிறது. யூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அந்த அளவில் உடம்புக்குத் தீங்கும் செய்யாது, மூத்திரத்தில் போய்விடும். சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு பெரிய ஆள் தினமும் 20 முதல் 30 கிராம் யூரியாவை இப்படி வெளியேற்றுகிறார்.

இதில் ஓ.டி.சி. என்ன வேலை செய்கிறது?

ஆர்னிதின் டிரான்ஸ்கார்பமிலேஸ் என்பது முழுப்பெயர். ஈரல் செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. குடல் செல்களிலும் கொஞ்சம் உண்டு.

அதற்கு முந்தைய படியிலிருந்து பார்த்தால் விளங்கும். அம்மோனியாவையும் பைகார்பனேட்டையும் சேர்த்து, செல்லின் ஆற்றல் காசான ஏ.டி.பி. இரண்டைச் செலவழித்து, கார்பமாயில் பாஸ்பேட் என்ற பொருளை முதல் நொதி உண்டாக்குகிறது. ஓ.டி.சி. அந்தக் கார்பமாயில் துண்டை எடுத்து ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றுகிறது. கிடைப்பது சிட்ருலின். தர்பூசணியிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால், அதன் தாவரவியல் பெயரான சிட்ருல்லஸை வைத்து அந்தப் பேர் வந்தது. சிட்ருலின் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்து மீதிப் படிகளைத் தாண்டுகிறது. கடைசியில் யூரியா கழன்று விழ, பழைய ஆர்னிதின் திரும்பக் கிடைக்கிறது. அது மறுபடி உள்ளே போய் அடுத்த கார்பமாயிலைச் சுமக்கும். சுழற்சி என்று சொல்வது இதனால்தான்.

என்னிடம் வரும் மாணவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் சானலில் (கால்வாயில்) ஒரு ஷட்டரைப் பாதி இறக்கினால் என்ன ஆகும்? ஷட்டருக்குக் கீழே வயல் காயும். மேலே தண்ணீர் ஏறி, கரை தாழ்ந்த இடத்தில் பக்கத்துத் தோப்புக்குள் பாயும். ஓ.டி.சி. குறைந்த உடம்பிலும் இந்த மூன்றும் நடக்கின்றன. கீழே சிட்ருலின் வற்றுகிறது. மேலே அம்மோனியா ஏறுகிறது. தேங்கிய கார்பமாயில் பாஸ்பேட் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே கசிந்து, டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பிரிமிடின் தயாராகும் பாதையில் பாய்ந்து, ஓரோடிக் அமிலமாக மூத்திரத்தில் வருகிறது. நோயை உறுதி செய்வதும் இந்த மூன்றை வைத்துத்தான். அதனால் இந்த ஷட்டர் கணக்கை மறந்துவிட வேண்டாம்.

மற்ற நொதிகள்?

முதல் படியில் கார்பமாயில் பாஸ்பேட்டை உண்டாக்குவது சி.பி.எஸ்.1. அது வேலை செய்ய என்-அசிட்டைல்குளூட்டமேட் என்ற துணைப்பொருள் வேண்டும், அதைச் செய்ய இன்னொரு நொதி இருக்கிறது. ஓ.டி.சி.க்குப் பிறகு, சிட்ருலினோடு அஸ்பார்டேட்டைச் சேர்ப்பது ஆர்ஜினினோசக்சினேட் சிந்தடேஸ். அதைப் பிளந்து ஆர்ஜினினைத் தருவது ஆர்ஜினினோசக்சினேட் லையேஸ். ஆர்ஜினினிலிருந்து யூரியாவைக் கழற்றி விடுவது ஆர்ஜினேஸ், அதற்கு மாங்கனீசு வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் நோய் உண்டு. ஆனால் அதிகம் காணப்படுவது ஓ.டி.சி. குறைபாடுதான், அதனால் இந்தப் பக்கம் அதைப் பற்றியது.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

1932-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த குர்ட் ஹென்செலைட் என்ற மருத்துவ மாணவரும். எலியின் ஈரலை மெல்லிய சீவலாக அறுத்து, அம்மோனியா கலந்த கரைசலில் போட்டு, எவ்வளவு யூரியா உண்டாகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொரு அமினோ அமிலமாகச் சேர்த்துப் பார்த்ததில், ஆர்னிதின் கொஞ்சம் சேர்த்தால் யூரியா மடமடவென்று கூடியது. ஆர்னிதினோ செலவாகவே இல்லை. செலவாகாமல் வேலையை வேகப்படுத்துகிறது என்றால் அது போய்த் திரும்பி வருகிறது என்று அர்த்தம். சுற்றி வரும் வேதிப் பாதை ஒன்றை இப்படிக் காட்டியது அதுவே முதல்தடவை. சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று பாடத்தில் படிப்பதை அதே கிரெப்ஸ் ஐந்து வருஷம் கழித்து, 1937-ல்தான் சொன்னார்.

அம்மோனியா அவ்வளவு கெடுதலா?

குலசேகரம், அருமனைப் பக்கத்துக்காரர்களுக்கு அம்மோனியாவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் பால் உறையாமல் இருக்க பீப்பாயில் ஊற்றுவது அதைத்தான். மூடியைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

ரத்தத்தில் கூடினால் அது மூளையைப் பிடிக்கிறது. மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணையாக நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் அம்மோனியாவைக் குளூட்டமேட்டோடு சேர்த்துக் குளூட்டமினாக மாற்றிச் சமாளிக்கப் பார்க்கும். குளூட்டமின் கூடக்கூட அந்தச் செல்கள் தண்ணீரை இழுத்து வீங்கும், மூளையும் சேர்ந்து வீங்கும். பிள்ளை எவ்வளவு நேரம் அந்த மயக்கத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் பிறகு அதன் நடையும் பேச்சும் படிப்பும் அமைகின்றன. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பிள்ளையிடம் அம்மோனியா வாடை வருமா என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். வராது. வாடை இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

"எனக்க பிள்ளை பிறந்தப்போ நல்லா அழுதான், மூணு கிலோ இருந்தான். மூணாம் நாளு எப்படி சாரே உடம்புக்கு முடியாமப் போச்சு?"

வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் அம்மோனியாவும் தொப்புள்கொடி வழியாக அம்மாவுக்குப் போய்விடும், அம்மாவின் ஈரல் அதைக் கவனித்துக்கொள்ளும். கொடியை அறுத்த பிறகு பிள்ளை தன் ஈரலை நம்பித்தான் இருக்க வேண்டும். நொதி அறவே இல்லாத ஆண்பிள்ளைக்கு, தாய்ப்பாலில் இருக்கும் கொஞ்சப் புரதமும், பிறந்த புதிதில் உடம்பு தன் தசையையே கொஞ்சம் கரைப்பதும் போதும். ஒன்று முதல் மூன்று நாளில் அம்மோனியா ஏறிவிடும்.

முதலில் பால் குடிக்க மடுப்பான். மார்பில் வைத்தால் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு உறங்கிவிடுவான். எழுப்பினால் எழும்ப மாட்டான். "சமத்துப் பிள்ளை, ஒறங்கிட்டே கிடக்கான்" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு வாந்தி, உடம்பு குளிர்ந்துபோதல், வேகவேகமாக மூச்சு, வலிப்பு.

மூச்சை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மோனியா மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுவதால் பிள்ளை வேகமாக மூச்சு விடும், கார்பன் டைஆக்சைடு வெளியேறி ரத்தம் காரப்பக்கம் சாயும். கிருமித் தொற்றால் மோசமான பிள்ளைக்கு ரத்தம் பெரும்பாலும் அமிலப்பக்கம் சாயும். பார்வைக்கு இரண்டு பிள்ளையும் ஒன்றுபோலவே கிடக்கும், ரத்த வாயுப் பரிசோதனைதான் வித்தியாசம் காட்டும். "தொற்று" என்று ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும் சிசுக்களில் இந்த நோய் ஒளிந்துகொள்வது இப்படித்தான்.

அப்போது நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

"டாக்டர், அம்மோனியா பார்த்தாச்சா?" இந்த ஒரு வாக்கியம் போதும். கேட்கத் தயங்க வேண்டாம், எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். குடும்பத்தில் முன்பு ஆண்சிசு யாராவது காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் எடுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரமெடுத்து எடுத்தால் அம்மோனியா பொய்யாகக் கூடும். எடுத்த டியூபை வெளியே வைத்தாலும் கூடும், ஏனென்றால் ரத்தச் செல்கள் டியூபுக்குள்ளும் அம்மோனியாவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஐஸில் புதைத்து, கையோடு லேபுக்குக் கொண்டுவந்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு சிசுவின் டியூப் டிரேயில் மற்ற டியூப்களோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். வந்த எண்ணைப் பார்த்து அந்த அம்மா ராத்திரி முழுக்க அழுதார். இரண்டாவது தடவை ஐஸ் வேண்டும் என்றேன். வார்டு ஃபிரிட்ஜில் ஒரு கட்டிகூட இல்லை. பிள்ளையின் அப்பா குளச்சலில் மீன் எடுத்து வண்டியில் வைத்து விற்பவர். "எனக்க பெட்டியில ஐஸ் கிடக்கு சாரே" என்று கீழே ஓடினார். சாளை செதிள் ஒட்டியிருந்த ஐஸைக் குழாயில் கழுவி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். டியூபை அதில் புதைத்து நானே படியிறங்கினேன். அந்தத் தடவை எண் சரியாக வந்தது, பிள்ளைக்கு அம்மோனியா கூடவே இல்லை. அன்றிலிருந்து என் லேபில் ஒரு டப்பா ஐஸ் எப்போதும் இருக்கும்.

ரிப்போர்ட்டில் எண்ணை எப்படிப் படிப்பது?

முதலில் அலகைப் பாருங்கள். சில லேபில் மைக்ரோமோல்/லிட்டர், சில லேபில் மைக்ரோகிராம்/டெசிலிட்டர். முதலாவதை 1.7-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். நாகர்கோவிலில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று என்று இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "ஒரே நாளில் இரட்டியாகிவிட்டதே" என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அலகு மாறியதுதான் காரணம்.

மைக்ரோமோல் கணக்கில் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 50-க்குள் இருக்கும், பிறந்த பிள்ளைக்கு 100 வரை போகலாம். சிசுவுக்கு 150-க்கு மேல் என்றால் யூரியா சுழற்சியை நினைத்துப் பார்த்தாக வேண்டும். ஓ.டி.சி. அறவே இல்லாத பிள்ளைகளுக்கு 500, 1000 என்றும் போகும்.

"ப்ளட் யூரியா நார்மல்னு போட்டிருக்கே, பிறகு எப்படி யூரியா நோய்?"

சிறுநீரகம் கெட்டால் ப்ளட் யூரியா கூடும். இங்கே யூரியா உண்டாவதே குறைவு. அதனால் குறைந்தோ நார்மலாகவோதான் இருக்கும்.

ஓ.டி.சி.தான் என்று எப்படி உறுதி செய்வார்கள்?

ரத்தத்தில் சிட்ருலின் குறைவு, குளூட்டமின் கூடுதல், மூத்திரத்தில் ஓரோடிக் அமிலம் கூடுதல். முன்னே சொன்ன ஷட்டர் கணக்குதான். சி.பி.எஸ்.1 கெட்டிருந்தால் கார்பமாயில் பாஸ்பேட்டே உண்டாகாது, அதனால் சிட்ருலின் குறைந்தாலும் ஓரோடிக் அமிலம் கூடாது. இந்த ஒரு மூத்திரப் பரிசோதனையில் இரண்டையும் பிரித்துவிடலாம். பிறகு மரபணுப் பரிசோதனை.

குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துச் செய்யும் சிசு ஸ்கிரீனிங்கில் சிட்ருலின் கூடும் நோய்கள் நன்றாகத் தெரியும். ஓ.டி.சி.யில் சிட்ருலின் குறைவதால் பல நேரம் தப்பிவிடும். ஸ்கிரீனிங் நார்மல் என்பதற்காக, எழும்பாத பிள்ளைக்கு அம்மோனியா பார்க்காமல் விடக்கூடாது.

"எங்க குடும்பத்துல ஆம்பிளைப் பிள்ளை தங்காதுன்னு பேச்சு. தோஷம்னு சொல்லுதாவ."

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓ.டி.சி. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. அம்மாவின் ஒரு எக்ஸில் பழுது இருந்தால் இன்னொன்று ஈடுகொடுக்கும், அவரிடம் பெரும்பாலும் நோயின் அறிகுறி ஒன்றும் தெரியாது. அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பழுதான எக்ஸ் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. வந்தால் ஈடுகொடுக்க வேறு எக்ஸ் இல்லை. மகளுக்கு வந்தால் அவளும் அம்மாவைப் போலக் கடத்துபவள் ஆகிறாள்.

இப்போது குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் ஒரு மாமன் பிறந்த வாரத்திலேயே போயிருப்பார். சித்தியின் முதல் மகன் நாலாம் நாள் "ஜன்னி கண்டு" போயிருப்பான். பெண்பிள்ளைகள் எல்லோரும் நன்றாக வளர்ந்திருப்பார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கழிப்பு கழிக்கவும் நேர்ச்சை வைக்கவும் சொன்னவர்கள் பலர், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். சாமி கும்பிடுவதையும் ஜெபிப்பதையும் நான் குறை சொல்லவில்லை. நானும் செய்கிறவன்தான். மூன்று தலைமுறையாகப் பெண்கள் சுமந்த பழிச்சொல்லை ஒரு மரபணு ரிப்போர்ட் இறக்கிவைத்துவிடும் என்பதால் சொல்கிறேன்.

அம்மா வழியாக வந்தது என்றால் அம்மாவின் குற்றம் என்று ஆகாது. எந்த எக்ஸைக் கொடுப்பது என்று எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. சில நேரம் பழுது அந்தப் பிள்ளையிலேயே புதிதாக உண்டானதாக இருக்கும், அம்மாவின் பரிசோதனை சுத்தமாக வரும். மாமியார்மார் இதைக் கேட்கும்படி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த குழந்தை டாக்டர்களிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

ஓ.டி.சி.க்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. யூரியா சுழற்சியின் மற்ற நொதிகளுக்கு உண்டு. அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய், முறைப்பெண்ணைக் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும். எந்த நொதி என்று தெரிந்த பிறகே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

பெண்களுக்கு வரவே வராதா?

வரும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடுகிறது. எது அடங்கும் என்பது ஒவ்வொரு செல்லிலும் தற்செயல். ஈரலில் நல்ல எக்ஸ் அதிகம் அடங்கிப்போனால் அந்தப் பெண்ணுக்கும் நொதி போதாது.

குளச்சலிலோ முட்டத்திலோ பிறந்து, வீடே மீன் கூட்டிச் சாப்பிடும்போது ஒரு பெண்பிள்ளை மட்டும் சின்ன வயதிலிருந்தே மீனையும் முட்டையையும் தொட மாட்டாள். கட்டாயப்படுத்தி ஊட்டினால் வாந்தி, தலைவலி, அன்றைக்கு முழுக்க மந்தம். உடம்பு தானாகவே கண்டுகொண்ட பத்தியம் அது. மீன் பிடிக்காத எல்லோருக்கும் இந்த நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவளுடைய தம்பி சிசுவாக இறந்திருந்தால் பரிசோதிக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளை பெற்ற பிறகு வரும் நாட்கள் ஆபத்தானவை. பிரசவம் முடிந்து சில நாளில் பேச்சு தடுமாறி, ஆளைத் தெரியாமல் போனால் "பேறுகாலக் கோளாறு" என்று மனநல மருந்தோடு நிறுத்தாமல் அம்மோனியாவும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நொதி மிச்சமிருக்கும் ஆண்களுக்கும் இப்படித்தான், பத்து வயதிலோ நாற்பதிலோகூட முதல்தடவை வரலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

புரதத்தை நிறுத்துவார்கள், ஆனால் ஒன்றிரண்டு நாளைக்கு மேல் நிறுத்தி வைக்க மாட்டார்கள். நரம்பு வழியாகக் குளூக்கோஸ் ஓடும். சோடியம் பென்சோவேட்டும் பினைல்பியூட்டிரேட்டும் நைட்ரஜனுக்கு மாற்றுப்பாதை போடும் மருந்துகள். பென்சோவேட் கிளைசினைப் பிடித்துக்கொண்டு மூத்திரத்தில் போகும், ஒரு நைட்ரஜன் வெளியேறும். பினைல்பியூட்டிரேட் உடம்பில் பினைல் அசிட்டேட்டாக மாறி, குளூட்டமினைப் பிடித்துக்கொண்டு போகும், இரண்டு நைட்ரஜன் வெளியேறும். சுழற்சி அடைத்துவிட்டதால் ஆர்ஜினின் தானாகக் கிடைக்காது, அதையோ சிட்ருலினையோ வெளியிலிருந்து கொடுப்பார்கள். அம்மோனியா மிகவும் கூடியிருந்தால் டயாலிசிஸ்தான் வேகமான வழி. சிசுவுக்கு டயாலிசிஸ் செய்யும் இடம் எது என்று டாக்டர்களே பேசி அனுப்புவார்கள். பலரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவது அதனால்தான். ஆம்புலன்ஸிலும் குளூக்கோஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் பட்டினி போடலாமா? புரதம் போகாதே?

கூடவே கூடாது. சாப்பாடு வராதபோது உடம்பு தன் தசையைக் கரைக்கும். தசை முழுக்கப் புரதம். வெளியிலிருந்து வரும் புரதத்தை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து அதைவிட அதிகம் இறக்குவதற்குச் சமம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய வெறும் வயிறு, தவக்கால ஒருசந்தி, சஷ்டி விரதம் எல்லாம் இதில் ஒன்றுதான். நேர்ச்சை இருந்தால் வேறு விதத்தில் செலுத்துங்கள், பட்டினி இந்தப் பிள்ளைக்கு ஆகாது. உடம்பு சரியில்லாத நாளில் சர்க்கரைத் தண்ணீரும் கஞ்சித்தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல். அதுவும் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனை.

வீட்டில் என்ன சாப்பிடக் கொடுப்பது?

நம் ஊர் சாப்பாட்டில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). அவித்த கிழங்கு நூறு கிராமில் புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும், மாவுச்சத்தோ வேண்டிய மட்டும். பாத்திரத்தைத் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் வழக்கத்தை விட வேண்டாம், கிழங்கின் நச்சு அதோடுதான் போகிறது. கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். ஏத்தன்பழமும் (நேந்திரம்) நல்லது. சோறு நூறு கிராமில் இரண்டு மூன்று கிராம், அதை அளந்து போட வேண்டும்.

கஞ்சியும் பயறும் என்பதில் கஞ்சி சரி, பயறு கூடாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேகவைக்காத காய்ந்த சிறுபயறில் நூறு கிராமுக்கு 24 கிராம் புரதம். சாளை மீனில் ஏறக்குறைய இருபது. ஒரு முட்டையில் ஆறு.

புரதத்தை முழுவதுமாக நிறுத்தினால் பிள்ளை வளராது. அதோடு, முன்னே சொன்னபடி தசை கரைந்து அம்மோனியா கூடும். எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை டயட்டீஷியன் எழுதித் தருவார், பிள்ளை வளர வளர அது மாறும். சமையலறையில் ஒரு சின்னத் தராசு வாங்கி வையுங்கள். கைக்கணக்கு போதாது.

எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும்?

வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் அம்மோனியாவை ஏற்றும். வலிப்போடு வரும் பிள்ளைக்கு அதுவே கைக்கு முதலில் வரும் மருந்துகளில் ஒன்று என்பதால் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டும் தசையைக் கரைக்கும், டாக்டருக்கு நோய் தெரிந்திருக்க வேண்டும். நோயின் பேர், தவிர்க்க வேண்டிய மருந்து, அவசரத்தில் செய்ய வேண்டியது எல்லாம் எழுதிய கடிதம் ஒன்றைச் சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் வாங்கி லேமினேட் செய்து பள்ளிக்கூடப் பையில் போடுங்கள்.

மீனுக்கு இந்தச் சுழற்சி உண்டா?

தேங்காப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சாளை, நெய்மீன், அயலை எல்லாம் அம்மோனியாவைச் செவுள் வழியாக நேரே கடலில் விட்டுவிடும். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது யூரியா செய்து என்ன ஆகப்போகிறது? சுறாவும் திருக்கையும் மட்டும் யூரியாவைச் செய்து, வெளியே விடாமல் ரத்தத்தில் சேர்த்து வைக்கின்றன. நம் ரத்தத்தில் இருப்பதைவிட ஐம்பது மடங்குக்கு மேல். கடலின் உப்பு உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க அந்த யூரியா காவல். அதைச் செய்வதிலும் ஓ.டி.சி.க்குப் பங்கு உண்டு. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடித்து வரும் சுறா கொஞ்சம் நேரம் கழிந்தால் மூக்கைப் பிடிக்கிற வாடை அடிக்கிறதே, செத்தபின் கிருமிகள் அந்த யூரியாவைத் திரும்ப அம்மோனியாவாக உடைப்பதால் வருவது அது.

முழுசாகக் குணமாக்க முடியுமா?

ஈரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தால் புது ஈரலில் நொதி இருக்கும், புரதக் கட்டுப்பாடு தேவைப்படாது. வாழ்நாள் முழுக்க வேறு மருந்துகள் உண்டு. ஏற்கெனவே மூளைக்கு நேர்ந்த சேதம் திரும்பாது, அதனால் பிள்ளை நன்றாக இருக்கும்போதே அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மரபணு சிகிச்சையின் சரித்திரத்தில் ஓ.டி.சி.க்கு ஒரு துயரமான இடம் இருக்கிறது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், லேசான ஓ.டி.சி. குறைபாடு இருந்த ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், ஆராய்ச்சிக்கு உதவத் தானாக முன்வந்தார். மரபணுவைச் சுமந்த வைரஸைச் செலுத்திய நாலாம் நாள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி இறந்துபோனார். அந்தத் துறையே பல வருஷம் தயங்கி நின்றது. 2025-ல், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அதே பிலடெல்ஃபியா நகரத்தில், சி.பி.எஸ்.1 நொதி இல்லாமல் பிறந்த ஒரு சிசுவுக்கு, அந்த ஒரு பிள்ளையின் பழுதுக்கென்றே செய்த மரபணுத் திருத்த மருந்தைக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளையால் முன்பைவிடக் கூடுதல் புரதத்தைத் தாங்க முடிந்தது, மருந்தையும் குறைக்க முடிந்தது. நாளைக்கே நமக்குக் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். செய்தியைப் படித்த அன்று நான் சந்தோஷத்தில் அழுதேன் என்பதை மறைக்கவும் மாட்டேன்.

செலவுக்கு என்ன செய்வது?

2021-ல் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் யூரியா சுழற்சிக் குறைபாடுகள் உள்ளன, ஈரல் மாற்றுக்கும் சிறப்பு உணவுக்கும் உரியவையாக. இதற்கென்று அரசு குறித்த உயர் மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். மரபணு ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் விண்ணப்பம் நகரும்.

"கெழங்கு மட்டும் தின்னமாட்டேங்கான். மீன்சாறாவது ஊத்தட்டா?"

அருமனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி கேட்டார். பேரனுக்கு ஆறு வயது. மற்ற பிள்ளைகள் தட்டில் சாளை கிடக்கும்போது அவன் தட்டில் வெறும் கிழங்கு. அவனை அப்படி உட்காரவைக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. டயட்டீஷியனிடம் கூட்டிப்போய்க் கேட்டோம். சாற்றில் இறங்கும் மீன்புரதம் கொஞ்சம்தான், அரைத்த தேங்காயிலும் நூறு கிராமுக்கு மூன்று கிராம் வரை உண்டு. மீன் துண்டு விழாமல், உதிர்ந்த சதை வராமல் வடித்து, ஒரே கரண்டியால் எப்போதும் அளந்து, இரண்டு கரண்டி. அதை அன்றைய கணக்கில் எழுத வேண்டும், அதற்கு ஈடாகச் சோற்றில் ஒரு கைப்பிடி குறைக்க வேண்டும். பாட்டி அந்தக் கரண்டியைத் தனியாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.